மைனா நீட்டிய அட்டை

என் மகளைப் பார்த்து "ஐயோ பாவம்" என்று சொல்கிறவர்களை எனக்குப் பிடிக்காது. அன்றைக்குக் காலையில் பேருந்தில் ஏறிப் பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது, எதிர் இருக்கை அம்மாள் ஆரம்பித்துவிட்டார்.

"ஐயோ பாவம். பொறந்ததுல இருந்தே இப்படித்தானா?"

"எப்படி?" என்றேன்.

அவர் வாயால் சொல்லாமல் தன் காதைத் தொட்டுக் காட்டினார். மைனா நீல நிறத்தில் பெரிய காதுமூடி ஒன்று போட்டிருந்தாள். பேருந்துச் சத்தம் அவளுக்கு ஆகாது.

"சத்தம் கேக்கக் கூடாதுன்னு போட்டிருக்கா. நீங்க பேசுறது அவளுக்குக் கேக்காது. எனக்குத்தான் கேக்குது."

அந்த அம்மாள் அடுத்த நிறுத்தத்தில் இடம் மாறி உட்கார்ந்துகொண்டார். என் வீட்டுக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரிப்பை அடக்கினார். "இன்னிக்குக் கணக்கை ஆரம்பிச்சுட்டே," என்றார். அவர் லிஃப்ட் மெக்கானிக். பாதியில் நின்றுபோன லிஃப்டுக்குள் இருப்பவர்களிடம் வெளியிலிருந்து நிதானமாகப் பேசிப் பேசியே அவருக்குக் கோபம் வராமல் போய்விட்டது. அவருக்கும் சேர்த்து நான்தான் கோபப்பட வேண்டியிருக்கிறது.

மைனா என்பது நாங்கள் வைத்த செல்லப்பெயர். ஒன்றரை வயதுவரை ஓயாமல் கீச்சிட்டுக்கொண்டிருந்தாள். பிறகு ஒரு நாள் சத்தம் குறைந்தது, அப்புறம் அதுவும் நின்றது. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. இப்போது அவளுக்கு ஏழு வயது. நாலரை வயதுத் தம்பிக்கு நாங்கள் வைத்த பெயர் வக்கீல். பல் துலக்கச் சொன்னால் எதற்கு என்று ஆரம்பித்து, நேற்று நீ துலக்கினாயா என்று குறுக்கு விசாரணை செய்கிற ஆள்.

மைனா வாயால் பேசுவதில்லை. அட்டையால் பேசுவாள். இடுப்பில் சின்னப் பை, அதற்குள் பதினான்கு அட்டைகள். தண்ணீர், பிஸ்கட், கழிப்பறை, ஊஞ்சல், வீடு என்று ஒவ்வொன்றிலும் ஒரு படம். எல்லாம் என் வீட்டுக்காரர் எடுத்த போட்டோக்கள். ஜெராக்ஸ் கடையில் லேமினேட் செய்து, ஓரத்தை நகவெட்டியால் தேய்த்து மழுங்கடித்துக் கொடுத்தார். வேண்டியதன் படத்தை எடுத்து அவள் நம் கையில் கொடுப்பாள். நாம் வாங்கிக்கொண்டு உடனே அதைத் தருவோம். கேட்கச் சுலபமாக இருக்கிறது, இல்லையா? இதைக் கற்றுக்கொடுக்க எங்களுக்கு இரண்டு வருடம் ஆனது. நான் எதிரில் பிஸ்கட்டோடு உட்காருவேன், அவர் பின்னால் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்து அட்டையை என் உள்ளங்கையில் வைப்பார். ஒரு நாளைக்கு நாற்பது தடவை. அதற்கு முன்பெல்லாம் தாகம் எடுத்தால் தலையைச் சுவரில் மோதுவாள்.

பேச்சுப் பயிற்சி டீச்சர் சொன்ன விதி ஒன்றே ஒன்றுதான். "அவ கை நீட்டினா நீங்களும் கை நீட்டணும். அப்புறம், இரு, அம்மாவுக்கு வேலை இருக்குங்கிற கதையே கூடாது. நீட்டியும் யாரும் வாங்கலைன்னு அவளுக்குப் பட்டுச்சுன்னா, நீட்டுறதையே விட்டுடுவா. மறுபடி சுவர்தான்." அந்த விதியை நாங்கள் சமையலறைக் கதவில் எழுதி ஒட்டியிருக்கிறோம். அடுப்பில் பால் பொங்கினாலும் முதலில் அட்டை, அப்புறம்தான் பால்.

பிஸ்கட் அட்டை கடிபட்டு, முனை பிரிந்து, மூன்றாவது பிரதி ஓடிக்கொண்டிருக்கிறது. புத்தம் புதிதாக இருப்பது ஓர் அட்டைதான். சிவப்புக் குறுக்குக்கோடு போட்ட "வேண்டாம்" அட்டை. "இதுதான் இருக்கிறதுலயே கஷ்டமானது," என்று டீச்சர் சொல்லியிருந்தார். "வேணும்னு கேக்க எல்லாரும் கத்துக்குவாங்க. வேண்டாம்னு அமைதியா சொல்றது பெரியவங்களுக்கே வராது. அவளா எடுத்துக் கொடுக்குற அன்னிக்கு எனக்கு போன் பண்ணுங்க." ஒரு வருடமாக அந்த போனை நான் செய்யவில்லை. வேண்டாம் என்றால் மைனா இன்னும் கத்துவாள், தட்டைத் தள்ளுவாள், தரையில் விழுவாள்.

அன்றைக்கு நாங்கள் போனது ஏரிக்கரைப் பூங்காவுக்கு. அங்கே குழந்தைகளுக்கான ரயில் ஒன்று ஓடுகிறது. எங்கே புறப்பட்டாலும் அதற்கு முன் படப் பட்டை ஒன்று தயார் செய்வோம். அன்று நடக்கப்போகிற எல்லாம் வரிசையாகப் படமாக ஒட்டியிருக்கும். பேருந்து, வாசல், வாத்துகள், சாப்பாட்டு டப்பா, ரயில், வீடு. ஒவ்வொன்றும் முடிந்ததும் மைனா அதைப் பிய்த்து என் பைக்குள் போடுவாள். பட்டையில் ஒட்டியது நடந்தே தீர வேண்டும். அதனால் நான் மூன்று நாள் முன்பே பூங்காவுக்குத் தொலைபேசியில் பேசி, குழந்தையைப் பற்றி ஒளிக்காமல் சொல்லி, ரயிலில் ஏற்றுவீர்களா என்று கேட்டிருந்தேன். "தாராளமா கூட்டிட்டு வாங்க மேடம்" என்றார்கள். பேசிய நேரத்தைக்கூடக் குறித்து வைத்திருந்தேன். அது என் தொழில் புத்தி. தண்ணீர் விநியோக அலுவலகத்தின் புகார்ப் பிரிவில் எனக்கு வேலை. ஹெட்போனை மாட்டிக்கொண்டு எட்டு மணி நேரம் ஊர்த் திட்டு முழுவதையும் வாங்குகிறவள் நான்.

வாத்து பார்த்தது நன்றாகவே முடிந்தது. மைனா கரையில் குந்தி, வாத்து தண்ணீருக்குள் தலையை விடும்போதெல்லாம் தானும் குனிந்து நிமிர்ந்தாள். வக்கீல், வாத்துக்கு ஏன் காது இல்லை என்று அப்பாவைப் பிடித்துக்கொண்டான். ரொட்டியும் வாழைப்பழமும் சாப்பிட்டோம். டப்பா படம் பைக்குள் போனது. அடுத்தது ரயில்.

ரயில் வரிசையில் இருபது நிமிடம் நின்றோம். மைனாவும் நின்றாள். இதை அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அன்றைக்கு அங்கே இருந்த யாரும் இதைக் கவனிக்கவில்லை. பின்னால் நின்ற இரண்டு பையன்கள் தள்ளிக்கொண்டார்கள், ஒரு பெண் ஐஸ்கிரீமைக் கீழே போட்டு ஊரைக் கூட்டினாள். என் மகள் ஒரு கையில் பட்டையிலிருந்து பிய்த்த ரயில் அட்டையை வைத்துக்கொண்டு, மறு கையைப் பறவை இறகு போல் தட்டிக்கொண்டு, நின்ற இடத்திலேயே நின்றாள். சந்தோஷம் வந்தால் அப்படித் தட்டுவாள்.

வேலிக் கதவருகில் கழுத்தில் விசில் மாட்டிய ஆள் ஒருவர் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தார். எங்கள் முறை வந்தது. நான் டிக்கெட்டை எடுப்பதற்குள் மைனா முன்னால் போய் அவரிடம் கையை நீட்டினாள். யாரும் பிடித்து நீட்டவில்லை, யாரும் சொல்லித் தரவில்லை. முன்பின் தெரியாத ஒருவரிடம் அவளாகப் போய்ப் பேசியது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. நான் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் கண் கலங்கிவிட்டது.

விசில்காரர் அட்டையை இரண்டு விரலால் வாங்கினார். ஒரு பார்வை பார்த்தார். பக்கத்தில் வாயைப் பிளந்துகொண்டு நின்ற பென்குயின் குப்பைத் தொட்டிக்குள் போட்டுவிட்டார்.

"நோட்டீஸ் எல்லாம் இங்க கொடுக்கக் கூடாது பாப்பா. டிக்கெட் எங்க?"

மைனா தன் காலிக் கையைப் பார்த்தாள். பிறகு பென்குயினின் வாயைப் பார்த்தாள்.

"சார், அது நோட்டீஸ் இல்ல," என்றேன். குரலை அடக்கித்தான் ஆரம்பித்தேன், சத்தியமாக. "அவ பேச மாட்டா. ரயில்ல ஏறணும்னு அந்த கார்டக் கொடுத்துத்தான் கேப்பா. இதோ டிக்கெட்."

அவர் அப்போதுதான் காதுமூடியைப் பார்த்தார், தட்டுகிற கையைப் பார்த்தார். முகம் மாறியது.

"இந்த மாதிரிப் பிள்ளைய ஏத்த முடியாதும்மா. ஓடுற வண்டியில குதிச்சுட்டா? தம்பி வேணா வரட்டும்."

"இருபது நிமிஷமா நிக்கிறா. குதிச்சாளா? நான் பக்கத்துல உக்காந்துக்கிறேன்."

"பெரியவங்க ஏறக் கூடாது. ரூல்."

"அக்கா வரலைன்னா நான் எதுக்கு வரணும்?" என்றான் வக்கீல். "தனியா போறதுக்கு ரயில் எதுக்கு?"

"அவ பேசுனத நீங்க குப்பைத் தொட்டியில போட்டீங்க. தெரியுதா உங்களுக்கு?" என்றேன். இப்போது அடக்கிய குரல் போய்விட்டது. "ஒருத்தர் உங்ககிட்ட வந்து வாயத் தொறந்து கேக்குறப்போ வாயப் பொத்தி விடுவீங்களா?"

விசில்காரர் விசிலை எடுத்து ஊதினார். எனக்குப் பதில் சொல்ல அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். மைனா இரண்டு கைகளாலும் காதுமூடியை அழுத்திக்கொண்டாள். என் வீட்டுக்காரர் சட்டைக் கையை மடித்துவிட்டுப் பென்குயின் வாய்க்குள் தோள்வரை கையை விட்டார்.

மேனேஜர் வந்தார். இஸ்திரி கலையாத சட்டை, கழுத்தில் அடையாள அட்டை, முகத்தில் ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பை எனக்குத் தெரியும். எங்கள் பிரிவில் அதைப் பயிற்சி கொடுத்துச் சொல்லித் தருகிறார்கள், போனில் பேசும்போதும் சிரிக்க வேண்டும் என்று.

"உங்க உணர்வுகளப் புரிஞ்சுக்குறோம் மேடம்," என்றார்.

"இத நான் ஒரு நாளைக்கு எம்பது தடவ சொல்றேன் சார். இதுக்கு என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியும். மேல சொல்லுங்க."

"பாதுகாப்பு விஷயம். உங்க நல்லதுக்குத்தான்."

"அதையும் சொல்லுவேன். அடுத்தது?"

சிரிப்பு கொஞ்சம் ஆட்டம் கண்டது. "மாசத்துல ஒரு நாள் இவங்களுக்குன்னே தனியா வச்சிருக்கோம் மேடம். ரெண்டாவது செவ்வாய். கூட்டம் இருக்காது, யாரும் பாக்க மாட்டாங்க."

"என் பையனையும் அன்னிக்குக் கூட்டிட்டு வரலாமா?"

"இல்ல, அது... இந்தக் குழந்தைங்களுக்கு மட்டும்."

"சரி. அக்காவும் தம்பியும் சேந்து ரயில்ல போற கிழமை எது? அத மட்டும் சொல்லுங்க."

இந்த நேரத்தில் என் மணிக்கட்டில் எதுவோ இடித்தது. மைனாவின் கை. அவளுக்குக் கூட்டம் பிடிக்காது, என்னை ஒட்டிக்கொள்கிறாள் என்று நினைத்து, "இருடா கண்ணு" என்று கையை மெதுவாக விலக்கினேன்.

பின்னால் வரிசை முணுமுணுக்க ஆரம்பித்தது. நேரமாகிறது என்றார் ஒருவர். கண்ணாடி போட்ட ஒரு தகப்பன், குரலைத் தணிப்பதாக நினைத்துக்கொண்டு, "எங்க பசங்க பயந்துக்க மாட்டாங்களா?" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "உங்க பசங்கதான் சார் இவ்வளவு நேரமும் ஒருத்தர ஒருத்தர் தள்ளிட்டிருந்தாங்க. என் பொண்ணு பயப்படல. பயந்தது யாரு? நீங்க! எதப் பாத்து? ஒரு குழந்தை கையத் தட்டுறதப் பாத்து!"

மறுபடியும் மணிக்கட்டில் இடித்தது. மறுபடியும் விலக்கினேன். என் முழுக் கவனமும் மேனேஜரிடம் இருந்தது. இத்தனை வருடம் ஹெட்போனுக்குள் மற்றவர்கள் என்னைத் திட்டியது எல்லாம் எனக்குப் பாடமாகியிருந்தது. ஒவ்வொன்றாக எடுத்து வீசினேன். நடுவில் மூன்றாம் முறை மணிக்கட்டில் இடித்ததையும் பார்க்காமலே விலக்கினேன். மூன்று நாள் முன்பு தொலைபேசியில் பேசியதைச் சொன்னேன், நேரத்தைச் சொன்னேன். வாசலில் தொங்கிய பலகையைக் காட்டி, "எல்லாக் குழந்தைகளும் வருகன்னு எழுதியிருக்கீங்களே, அதுல எங்களைத் தவிரன்னு பொடி எழுத்துல எங்கயாவது இருக்கா?" என்று கேட்டேன். யாரோ போனைத் தூக்கிப் படம் எடுக்க ஆரம்பித்தார்கள். அதைப் பார்த்ததும்தான் மேனேஜர் இறங்கி வந்தார். என் மகளைப் பார்த்து அல்ல.

"சரி மேடம், சரி. ஒரு ஸ்பெஷல் ஏற்பாடு பண்ணிடுறேன். பாப்பா மட்டும் தனியா ஒரு ரவுண்டு. நீங்களும் கூட உக்காருங்க." விசில்காரரிடம் திரும்பினார். "எல்லாரையும் இறக்கு."

ரயிலில் ஏறி உட்கார்ந்திருந்த குழந்தைகளை எல்லாம் இறக்கினார்கள். சிலர் அழுதார்கள். வேலியோரம் வரிசையாக நின்று எங்களையே பார்த்தார்கள். நான்கு பெட்டியும் காலி. மேனேஜர் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார்.

"ஒரு போட்டோ மட்டும் மேடம். நம்ம பூங்காவோட ஆன்லைன் பக்கத்துல போட்டுக்கலாம்."

போட்டோ எதற்கு என்று எனக்குத் தெரியும். ஆனாலும் சொல்கிறேன், அந்த நொடியில் எனக்குள் ஒரு கெத்து வந்தது. நான் ஜெயித்துவிட்டேன். காலி ரயில் என் மகளுக்காக நிற்கிறது. "மைனா, வா வா, ரயில்!" என்று அவள் தோளைப் பிடித்தேன். அவள் அசையவில்லை. கை மறுபடி என் மணிக்கட்டை இடித்தது. "இருடா, மொதல்ல ஏறு, அம்மா..."

"அம்மா!" என்று கத்தினான் வக்கீல். இரண்டு கையையும் இடுப்பில் வைத்திருந்தான், முகம் சிவந்திருந்தது. "அக்கா கார்டு கொடுக்குறா! நாலு தடவ கொடுத்துட்டா! நீ வாங்கவே இல்ல!"

கீழே பார்த்தேன்.

அவள் விரல்களுக்கு நடுவில் ஓர் அட்டை இருந்தது. ஒரு கீறல் இல்லாமல், முனை மடங்காமல், ஜெராக்ஸ் கடையிலிருந்து நேற்றுத்தான் வந்தது போல. சிவப்புக் குறுக்குக்கோடு.

மைனா கத்தவில்லை. தரையில் விழவில்லை. தலையை எதிலும் மோதவில்லை. விசில் ஊதிய இடத்தில், இத்தனை பேர் கண் முன்னால், அம்மா பேயாகக் கத்திக்கொண்டிருந்த நேரத்தில், பதினான்கு அட்டைகளில் தேடிச் சரியானதை எடுத்து, சரியான ஆளிடம் நீட்டியிருக்கிறாள். வாங்கவில்லை என்றதும் மறுபடி நீட்டியிருக்கிறாள். மறுபடி. மறுபடி. நான் மேனேஜரிடம் எதைக் கண்டித்துத் தொண்டை கிழியக் கத்தினேனோ அதை அந்நேரம் முழுக்க நானே செய்துகொண்டிருந்தேன். முழங்காலிட்டு உட்கார்ந்து இரண்டு கையையும் நீட்டினேன். அவள் அட்டையை என் உள்ளங்கையில் வைத்தாள்.

"சரி," என்றேன். "வேண்டாம். ரயில் வேண்டாம். போகலாம்."

அவள் ஒரு பெருமூச்சு விட்டாள். அட்டையைத் திருப்பி வாங்கி, பைக்குள் அதன் இடத்தில் செருகினாள்.

"என்ன மேடம், ஏறலையா?" மேனேஜரின் போன் இன்னும் உயர்ந்தே இருந்தது.

"அவளுக்கு வேண்டாமாம்."

"என்னது? இவ்வளவு நேரம் சண்டை போட்டது நீங்கதானே? இத்தனை பிள்ளைங்கள இறக்கிவிட்டிருக்கேன்!"

"நான்தான் போட்டேன். அவ போடல. இறக்கச் சொன்னதும் நான் இல்ல. எல்லாரோடவும் ஏத்துங்கன்னுதான் கேட்டேன்."

"ஏன் வேண்டாமாம்?"

"தெரியாது. அவ சொல்ல வேண்டியதும் இல்ல. நீங்க முடியாதுன்னா காரணம் சொல்லணும். அவ வேண்டாம்னா வேண்டாம்தான்." எழுந்தேன். "போன கீழ இறக்குங்க. என் பொண்ணோட படம் அதுல இருந்தா, என் முன்னாலயே அழிங்க."

அழித்தார். நின்று பார்த்தேன், போனுக்குள் இருக்கிற குப்பைப் பெட்டிவரை போய் அதிலிருந்தும் அழிக்கிறாரா என்று. என் வீட்டுக்காரர் குழாயடியில் ரயில் அட்டையைக் கழுவிக்கொண்டிருந்தார். முழங்கைவரை ஐஸ்கிரீம். விசில்காரர் அவர் பக்கத்தில் போய், கைக்குட்டையை நீட்டியபடி, "நோட்டீஸ்னு நெனச்சுட்டேன் சார், தெரியாம..." என்றார். அவரை நன்றாகக் கேட்டுவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். வரவில்லை. அவள் பேசியதை அவர் ஒரு தடவைதான் தூக்கிப் போட்டார்.

திரும்பும் பேருந்தில் மைனா ஜன்னலோரம் உட்கார்ந்து பட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் வீடு மட்டும் மீதி. நான் நோட்டை எடுத்துப் புகார் எழுத ஆரம்பித்தேன், எங்கள் அலுவலகப் படிவத்தில் இருக்கிற வரிசைப்படியே. நாள், நேரம், இடம், நடந்தது. எழுத எழுத மறுபடி சூடு ஏறியது. தனிச் செவ்வாய்க்கிழமை வேண்டாம், மற்ற நாளெல்லாம் வேண்டும் என்று எழுதினேன். குழந்தை கை நீட்டினால் கதவில் நிற்கிறவரும் கை நீட்டப் பழக்க வேண்டும் என்று எழுதினேன். பிறகு கடைசிக் கட்டம். புகார் யார் மேல்?

வக்கீல் என் தோள்மேல் எட்டிப் பார்த்தான். அவனுக்குப் படிக்கத் தெரியாது.

"இங்க என்னம்மா எழுதுற?"

"யார் யார் அக்கா சொன்னதக் கேக்கலைன்னு."

"விசில் மாமாவ எழுதிட்டியா?"

"எழுதிட்டேன்."

"போட்டோ மாமா?"

"அவரையும்."

அவன் இரண்டு விரலை மடித்துவிட்டு மூன்றாவதைப் பிடித்தான். "அப்புறம் நீயும்தானே?"

முன் இருக்கையிலிருந்து என் வீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். இந்தத் தடவை சிரிக்கவில்லை. நான் மூன்றாவதாக என் பெயரை எழுதி, எதிரில் நான்கு தடவை என்று போட்டேன். திங்கட்கிழமை அந்த வரியை அடிக்காமல்தான் அனுப்பினேன். அதற்கு முன்னால் டீச்சருக்கு போன் செய்தேன்.